கால் எப்படி இருக்கு மதினி

ஜனவரி 4, ஞாயிறு

உலகம்மாள் போகிறாளாம். அதனால் நானும் போகிறேன்.

இவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "பால் பூத்துக்கே ஆட்டோ கேக்கிறவ, மழைக்காட்டுக்குள்ள நாலு நாள் நடக்கப் போறியாக்கும்" என்றார். மகள் வாழ்க்கை போகிறதே என்று மனுஷருக்குக் கவலை இல்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் காந்திமதி போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளை குற்றாலிங்கமும் பிரிந்துவிடப் போகிறார்களாம். இந்த சீசன் முடிந்ததும். கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளை மேற்கு மலைக்குள் நடக்கக் கூட்டிப்போகிற தொழில் செய்கிறார்கள். ஒரே சட்டியில் கஞ்சி வைத்துக் குடிக்கிறவர்கள். காரணம் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி புருஷனை விடுவாள்?

உடனே சம்பந்தியம்மாள் உலகம்மாளுக்குப் போன் போட்டேன். "உங்க மகன் என்ன செஞ்சான்?" என்றேன். "ஒங்க மக என்ன செஞ்சான்னு கேளுங்க மதினி" என்றாள் தென்காசியிலிருந்து. பேச்சு எங்கெங்கோ போய், தலைப்பொங்கலுக்குச் சீராக நான் கொண்டுபோன பொங்கப்படிப் பானையின் விளிம்பு நசுங்கியிருந்ததில் வந்து நின்றது. எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

பொங்கல் கழிந்துதான் ஆட்கள் வருவார்கள். அதற்கு முன் எந்த மரம் விழுந்திருக்கிறது, எந்த ஓடை கரையை அரித்திருக்கிறது என்று இவர்கள் ஒரு தடவை நடந்து பார்த்துவருவது வழக்கம். "அங்க டவர் கிடையாது. கேக்கணும்னா கூட நடந்து வந்து கேளுங்க" என்று காந்தி எரிச்சலில் சொல்லியிருக்கிறாள். யாரும் வர மாட்டோம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அந்தம்மா "நான் வாரேன்" என்றுவிட்டாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் உட்கார்ந்தவள் நான். லைன் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்ததில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

காந்தி போனில் பாடம் நடத்தினாள். பருத்தி ஆகாது, நனைந்தால் காயாது. சேலையைப் பற்றிப் பேசவே கூடாது. சட்டென்று உலர்கிற மெல்லிசுத் துணியில் சுடிதார், இரண்டு செட். ஒன்று நடக்க, ஒன்று படுக்க. படுக்கிற செட்டைப் பகலில் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. "நடக்குற செட்டு ஈரமா இருந்தாலும் காலையில அதையேதான் திரும்பப் போடணும்மா. நடந்தா சூடாயிரும்" என்றாள். ஈரத் துணியை எடுத்து உடுத்த நான் என்ன அங்கப்பிரதட்சணமா செய்யப் போகிறேன்?

ஷூ மட்டும் புதுசு வாங்காதே என்று நாலு தடவை சொன்னாள். அவளுடைய பழைய ஷூ பார்சலில் வந்தது. முனையில் துணி கிழிந்து, கயிறு நிறம் மாறி, பழைய பேப்பர்க்காரன்கூட எடுக்க மாட்டான். இதைப் போட்டுக்கொண்டு உலகம்மாள் முன்னால் போய் நிற்கவா? சாயங்காலம் பாளையங்கோட்டை பஜாருக்குப் போய்ப் புதுசாக ஒரு ஜோடி வாங்கிவந்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மலையடிவாரத்துச் செக்போஸ்டில் அந்தம்மா முன்னாலேயே வந்து நின்றாள். காலில் புது ஷூ. என்னுடையதைவிடப் பளிச்சென்று, ஓரத்தில் மஞ்சள் கோடு வேறு.

"வாங்க மதினி. சுடிதார் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றாள்.

"உங்களுக்கும்தான். வயசே தெரியலை" என்றேன்.

காந்தி எங்கள் நாலு கால்களையும் பார்த்தாள். "நான் அனுப்புனது எங்கம்மா?" என்றாள். கடித்தது என்று சொன்னேன். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை.

கிளம்புமுன் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை வருகிற துணி உறை ஒன்றைப் போட்டு, பேண்ட்டை அதற்குள் திணித்துக் கட்டினார்கள். மாப்பிள்ளை கைகட்டிக்கொண்டு நின்று சொன்னான்: "காட்டுல ஒரே ஒரு சட்டந்தான் அத்தை. எதுன்னாலும் சின்னதா இருக்கும்போதே சொல்லிரணும். குதிகால்ல லேசா சுடுதுன்னா அப்பவே நின்னு ஒரு பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போயிரலாம். சொல்லாம நடந்தா சாயங்காலம் தோல் இருக்காது. தாகம், தலைசுத்து, பயம், எதையும் மறைக்காதீய. எம்மா, ஒனக்குந்தான்."

"எங்களுக்கென்ன" என்று நானும் அந்தம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

காடு என்றால் குளிர்ச்சி, குயில் சத்தம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் போய்விட்டது. மேலே இலை மூடிக்கிடக்கிறது, கீழே இலை அழுகிக்கிடக்கிறது, நடுவில் நாம் வேர்த்துக்கொண்டு நடக்கிறோம். காற்று ஒரு பொட்டுக் கிடையாது. பிரம்புக்கொடி முள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது. மரத்தைப் பிடித்து ஏறலாம் என்று கை வைக்கப் போனால் முன்னால் போன வனத்துறை வாச்சர் மாசானம், "பாக்காமக் கைய வைக்காதிய அம்மா, பச்சைப் பாம்பு சுத்திக் கெடக்கும்" என்கிறான். விழுந்து கிடக்கிற மரத்தைத் தாண்டக் கூடாதாம், மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். நின்றால் அட்டை. நூல் மாதிரி நெளிந்து வருகிறது, கடித்தது தெரியவில்லை, கழுத்தோரம் ரத்தம் வழிந்த பிறகுதான் தெரிகிறது. இப்படி ஒரு இடத்துக்குக் காசு கொடுத்து வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு வீட்டில் என்ன குறையோ.

உட்காரலாமா என்று காந்தி கேட்டபோதெல்லாம் நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அந்தம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் உட்காரவில்லை.

மத்தியானத்திலிருந்து வலது குதிகாலில் லேசாக ஒரு சூடு. புது ஷூ பழகும்வரை அப்படித்தான் இருக்கும்.

பாறையடியில் கூடாரம் போட்டார்கள். அந்தம்மா பக்கத்தில் வந்து, "கால் எப்படி இருக்கு மதினி?" என்றாள்.

"பூ மாதிரி இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும் அப்பிடித்தான்."

ஜனவரி 9, வெள்ளி

காலையில் நேற்றைய சுடிதாரை எடுத்தேன். பிழிந்து போட்டது பிழிந்தபடியே, மேலே ஒரு சிலந்தியோடு கிடந்தது. காந்தி அடுப்புப் பக்கம் இருந்த நேரம், படுக்கிற செட்டைப் போட்டுக்கொண்டு, மேலே மழைச்சட்டையை மாட்டிக்கொண்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

நாள் முழுக்க மழை. மழைச்சட்டை வெளியே நனைந்தது, உள்ளே வேர்வையில் நனைந்தது. மழை நின்ற பிறகும் மரம் ஒரு மணி நேரம் பெய்துகொண்டே இருக்கிறது. சாயங்காலம் என்னிடம் இரண்டு செட்டும் ஈரம். காந்தியிடம் சொன்னால் போனில் நடத்தின பாடத்தை மறுபடியும் நடத்துவாள், அதுவும் அந்தம்மா காதுபட. சொல்லவில்லை. கூடாரத்துக்குள் பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சி குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் என் பைமேல் காய்ந்த ஸ்வெட்டர் ஒன்றும் கம்பளிப் பாவாடை ஒன்றும் மடித்து வைத்திருந்தது. நீலகிரித் தைல வாசம். காந்திதான் வைத்திருப்பாள். அவளுக்கு இந்தத் தைலம் பிடிக்காது, இருந்தாலும் அவளாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டு தூங்கினேன்.

ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் திரும்பப் போட முடியாது என்று தோன்றியது.

ஜனவரி 10, சனி, காலை

வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கருமந்திகள் எங்கிருந்தோ கத்துகின்றன. அந்தம்மா இருமுகிறாள்.

அதே நாள், சாயங்காலம்

காந்தியைத் தனியாகப் பிடித்தேன். ஓடையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் கவனிக்கிறேன், அவளும் அவனும் சண்டை போடவே இல்லை. "கயிறு எடுக்கட்டா", "எடுத்துக்கோங்க", "உப்பு போதுமா", "போதும்". முன்பின் தெரியாத இரண்டு ஆபீசர் மாதிரி.

"ஏட்டி, அடிக்கானா? குடிக்கானா? வேற எவளும் உண்டா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன என்னட்டி?"

சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "போன மழைக்கு எனக்கு ரெண்டு வாரம் காய்ச்சல். அவருகிட்ட சொல்லலை."

"ஏன்?"

"சொன்னா அவரு அவுக அம்மாகிட்ட சொல்லுவாரு. அத்தை ஒனக்குப் போன் போட்டு, 'ஒங்க மகளுக்கு ஒடம்பு எப்பவுமே இப்பிடித்தானா'ன்னு கேப்பாக. நீ ரெண்டு மடங்கா திருப்பிக் குடுப்ப. அதுக்கப்புறம் ஒரு மாசம் நாங்க ரெண்டு பேரும் யாரு எந்தப் பக்கம்னு நின்னுக்கிட்டு இருக்கணும். அதுக்குக் காய்ச்சலே பரவால்லன்னு இருந்துட்டேன். அவரும் அப்பிடித்தான், ஒண்ணுஞ் சொல்லுறதில்ல. பழகிப்போச்சு. வீட்டுல அப்பிடி இருந்துக்கிடலாம். காட்டுக்குள்ள, சொல்லாத ஆளோட நடக்க முடியாதும்மா. நாளைக்கு ஒருத்தர் செத்துருவோம்."

இதெல்லாம் ஒரு காரணமா? நான் என்ன இல்லாததையா பேசினேன்? கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? எல்லாம் அந்தம்மா வாயால் வந்தது. நேரே மாப்பிள்ளையிடம் போய், "காந்திக்கு ரெண்டு வாரம் காய்ச்சல் கிடந்தது உங்களுக்குத் தெரியுமா? என்ன புருஷன் நீங்க?" என்று கேட்டேன். நான் கேட்காமல் வேறு யார் கேட்பது? கூடாரத்துக்குள் இருந்த அந்தம்மா, "ஏன், அவ சொன்னாத்தானே தெரியும்" என்று குரல் கொடுத்தாள். நானும் விடவில்லை. காந்தி கழுவின சட்டிகளோடு வந்து, நாங்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டாள். சட்டிகளை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு நன்றி கிடையாது.

இன்று தனியாக உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்தேன். விரலெல்லாம் வெளுத்து, ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருக்கிறது. குதிகாலில் தோல் இல்லை. கைக்குட்டையை மடித்து வைத்துச் சாக்ஸை ஏற்றிவிட்டேன். நாளை மறுநாள் வீட்டில் இருப்போம். அதுவரை அந்தம்மா முன்னால் நொண்டாமல் நடந்தால் போதும்.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கறுப்போடை என்று ஒன்று. அதைத் தாண்டினால்தான் இறக்கம். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே, செம்மண் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மாசானம் முதலில் தாண்டி, கயிற்றை அக்கரை மரத்தில் கட்டிவிட்டு நின்றான். மாப்பிள்ளை எங்களை நிறுத்தினான்.

"மேல மழை பெய்யுது. இப்பத் தாண்டுனாத்தான் உண்டு. ஆனா எல்லாருக்கும் கால் உறுதியா இருக்கணும். யாருக்காவது முடியலைன்னா இங்கனயே கூடாரம் போட்டுத் தண்ணி வடியுறவரைக்கும் இருப்போம், சாப்பாடு கெடக்கு. ரெண்டுமே சரிதான். எனக்கு உண்மை மட்டும் வேணும். அத்தை, கால் சரியா இருக்கா?"

அந்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன. நல்லா இருக்கு" என்றேன்.

"எம்மா, ஒனக்கு?"

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கண் சிவந்து, உதடு காய்ந்து கிடந்தது. எனக்குத் தெரிந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும்?

பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடச் சொன்னார்கள், விழுந்தால் பையை உதறிவிடலாம். தண்ணீர் வருகிற பக்கம் முகத்தை வைத்து, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி. நானும் அந்தம்மாவும் கை கோத்துக்கொண்டு. காந்தி பின்னால். மாப்பிள்ளை எங்களுக்குக் கீழே, தண்ணீர் போகிற பக்கம்.

நடு ஓடையில் வலது குதிகாலை ஒரு கல்லில் ஊன்றினேன். உயிர் போய்விட்டது. காலைத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான். தண்ணீர் மற்றக் காலையும் வாரிவிட்டது. அந்தம்மாவைப் பிடித்தேன், அவளிடம் என்னைத் தாங்கப் பலம் ஏது, கொதிக்கிற கை, இரண்டு பேரும் சேர்ந்து போனோம். வாய்க்குள், மூக்குக்குள், காதுக்குள் தண்ணீர். என்னமோ ஒன்றில் போய் மோதினோம். அது மாப்பிள்ளை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தோளால் எங்கள் இரண்டு பேரையும் தடுத்து நின்றான். அவன் தோளில் ஏதோ முறிகிற சத்தத்தை நான் கேட்டேன்.

கரையில் போட்ட பிறகு அவனால் கையைத் தூக்க முடியவில்லை. காந்தி சட்டையை விலக்கிக் காறை எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டவள் நிறுத்திவிட்டாள்.

"இங்க ஒரு முடிச்சு இருக்கே. இது பழசுல்லா."

அவன் சட்டையை இழுத்து மூடப் பார்த்தான்.

"எப்ப ஒடைஞ்சது?"

"போன வருசம். இந்த ஓடைதான்."

"ஒடைஞ்ச எலும்ப வச்சிக்கிட்டா ஒரு சீசன் முழுக்க எனக்குக் கயிறு பிடிச்ச? நான் அந்தக் கயித்த நம்பில்லா எறங்குனேன்?"

"நீ காய்ச்சலச் சொன்னியா?"

பிறகு இரண்டு பேரும் கத்தினார்கள். நீ, வா, போ என்று, மழையில் நின்றுகொண்டு, வாச்சர் முன்னால், ஆறு வருஷத்துச் சங்கதியையெல்லாம் எடுத்துப் போட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயங்கள். அவன் அழுதான். அவள் கத்திக்கொண்டே அவன் கையைத் தன் துப்பட்டாவால் கட்டினாள். எனக்கு மானம் போயிற்று.

"பிள்ளைகள விலக்கி விடுங்க மதினி" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் அந்தம்மா. பல் கிட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினான். "கால் சரியான்னு கேட்டேனே அத்தை" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 12, திங்கள்

மாசானம் ஆள் கூட்டிவர இறங்கிப் போயிருக்கிறான். தார்ப்பாய்க்குக் கீழே நானும் அந்தம்மாவும்.

காந்தி என் ஷூவை வெட்டி எடுத்தாள். சாக்ஸோடு சதையும் வந்தது. "எப்ப இருந்தும்மா?" என்றாள்.

"முந்தாநாள்ல இருந்து" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மொத நாள் மத்தியானத்துல இருந்து. எனக்கு முன்னாலதான நடந்தாக, பாத்துக்கிட்டேதான வந்தேன்."

"தெரிஞ்சும் சொல்லலையா நீங்க?"

"நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன்."

"உங்களுக்கு வெள்ளிக்கிழமையில இருந்து காய்ச்சல். நீங்க சொன்னியளா?"

"காஞ்ச துணிய ஒங்களுக்குக் குடுத்துட்டு ஈரத்துல படுத்தேன், காய்ச்சல் வராம என்ன வரும்?"

காந்தி பஞ்சைக் கையில் வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மருந்தைப் போட்டுக் கட்டினாள், அந்தம்மாவுக்கு மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தாள், வெளியே போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சியை ஊட்டினாள். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தார்ப்பாயில் மழை விழுகிற சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அந்தம்மா தலையைத் தூக்கினாள். "என்ன பேசுதாக மதினி?"

"கேக்கலை."

"எனக்கும் கேக்கலை" என்று படுத்துவிட்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

என்னை நாற்காலியில் வைத்துக் கட்டித் தூக்கி வந்தார்கள். அந்தம்மா நடந்து வந்தாள். அதுதான் சகிக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆஸ்பத்திரிக் கட்டிலில். இவர் பிளாஸ்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார், குழைந்து போயிருந்தது.

மத்தியானம் காந்தியும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள். அவனுக்குத் தோளில் கட்டு. தென்காசிக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்களாம். இப்போதைக்குப் பிரியவில்லை என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். லைன் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள். "அடுத்த பொங்கல்வரைக்கும் நீயாப் போன் போடக் கூடாது. நாங்களும் போட மாட்டோம். ஆபத்துன்னா அப்பா போடட்டும். அத்தைகிட்டயும் இதையேதான் சொல்லிட்டு வாரோம்."

"பெத்தவகிட்டயே சொல்லக் கூடாதுன்னா பின்ன யாருகிட்டட்டி சொல்லுவ?"

"இவருகிட்ட" என்றாள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். எதுவும் சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டமாயிற்றே. "காந்தி, என்னால தாங்க முடியாது" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். என் காலைப் போர்வையால் மூடிவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 28, புதன்

மாப்பிள்ளைக்குக் கட்டுப் பிரித்தார்களா தெரியவில்லை. சீசன் ஆரம்பித்ததா, கறுப்போடையில் கயிறு யார் பிடிக்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. போன் மேசைமேல் செத்த எலி மாதிரி கிடக்கிறது. இரண்டு தடவை காந்தி நம்பரைப் போட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். நேற்று இவர் போனை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜெயில் வார்டன்.

இன்று அவர் குளிக்கிற நேரம் எடுத்துத் தென்காசிக்குப் போட்டேன். அதற்கு யாரும் தடை சொல்லவில்லையே.

முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

"கால் எப்படி இருக்கு மதினி?"

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது.

"ஆறலை. செருப்புப் போட முடியலை. ராத்திரியெல்லாம் குத்துது" என்றேன். "உங்களுக்கு?"

"இருமல் விடலை. நெஞ்சு வலிக்கி. மருமக பக்கத்துல இருந்தா கஷாயம் வச்சிக் குடுப்பான்னு இருக்கு." இருமி முடித்துவிட்டுக் கேட்டாள். "பிள்ளைக அங்க எதும் பேசினாகளா?"

"இல்லை. அங்க?"

"இங்கயும் இல்ல."

அதற்கு மேல் கொடுக்கவும் வாங்கவும் சேதி ஏதும் இல்லை. அவள் இருமினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் நின்றது. வைக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளைக்கு அந்தம்மா போடுகிறாளாம். போடட்டும்.